புதன்கிழமை விடுமுறை

திங்கட்கிழமை காலை 10.20. வாசலில் கிடந்த நகராட்சிக் கடிதத்தைப் படித்ததும், பேச்சுப் பயிற்சி கொடுத்தே பிழைக்கிற அவளுக்குப் பேச்சே வரவில்லை.

இந்த வீட்டில் அனுமதியின்றித் தொழில் நடப்பதாக அக்கம்பக்கத்தார் ஒருவர் எழுதியிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதிகாரி நேரில் விசாரிக்க வருவாராம்.

பின்னறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திக்கிப் பேசும் பதினோரு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பயிற்சி தருகிறாள். வருமான வரிக் கணக்கை வருஷம் தவறாமல் காட்டிவிடுவாள். சட்டத்துக்கும் தனக்கும் அத்தோடு சரி என்று நினைத்திருந்தாள். குடியிருக்கும் அறையில் தொழில் செய்ய நகராட்சியிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பது அவள் புத்திக்கு எட்டவேயில்லை. வாடகை ஒப்பந்தத்திலோ 'குடியிருக்க மட்டும்' என்று எழுதியிருந்தது. வீடு போனால் பயிற்சி நிற்கும். பயிற்சி நின்றால் அந்தப் பிள்ளைகளின் பேச்சு பாதியில் நிற்கும்.

அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா குற்றப்பிரிவில் ஏட்டு.

புதன் பகல் 3.00. அவள் பிள்ளைகளின் வார அறிக்கைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மாடிக்காரம்மா ஜன்னலைக் கடக்கும்போது வழக்கம்போல உள்ளே ஒரு பார்வை வீசிவிட்டுப் போனாள். புதன்தோறும் மீட்டர் பார்க்க வரும் வீட்டுக்காரர், இன்றைக்கும் வேலையா என்று கேட்டார். அவர் போனதும் படியேறி வந்தாள் அக்கா. எதிரே இறங்கிய பக்கத்து வீட்டு முன்னாள் கண்டக்டர், இடது கையில் பையோடு, நோட்டீஸ்கள் ஒட்டிய சுவரோரம் ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டார். வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

"யாரு மேல சந்தேகம்?" என்றாள் அக்கா, உட்காருவதற்கு முன்பே.

"மாடிக்காரம்மா. தண்ணி மோட்டார் சண்டை இன்னும் ஆறல."

"வேற?"

"வீட்டுக்காரர். வாடகையை ஏத்தணும்னு ஜாடையா சொல்லிக்கிட்டே இருக்காரு."

"பக்கத்து வீடு?"

"நீயே பாத்தியே. நான் வந்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு வணக்கம் கிடையாது. போலீசுக்கே மரியாதை இல்ல, எனக்கா தரப்போறாரு?"

அக்கா நகராட்சி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். அந்த அக்கம்பக்கத்தார் எழுதியதில் முதல் தாளை மட்டும் படமெடுக்க விட்டார்களாம். பெயரும் கருத்தும் உள்ள இரண்டாம் தாளை விசாரணையன்றுதான் பிரிப்பார்களாம். அக்கா போனை நீட்டினாள். அச்சடித்த படிவம். எழுத்தெல்லாம் முதல் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணல்மாணல்.

நேரம்: காலை 9 முதல் 12, மாலை 4 முதல் 6. விடுமுறை: புதன், ஞாயிறு. கேட்பது: ஒரே ஒருவர் குரல். வீட்டுக்கு வருபவர்கள்: இல்லை.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "என்னை மணி பார்த்து வேவு பாத்திருக்காங்க அக்கா."

அக்கா எழுந்தாள். அறையைச் சுற்றி நடந்தாள். பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவரை விரலால் ஒருமுறை தட்டிவிட்டுக் கிளம்பினாள்.

வெள்ளி காலை 10.30. அக்கா சீருடையிலேயே வந்தாள்.

"புதன்கிழமை உனக்கு லீவா?"

"இல்லையே. அறிக்கை எழுதுற நாள். நீதான் பாத்தியே."

"மாடிக்காரம்மாவும் பாத்தாங்க. வீட்டுக்காரரும் பாத்தாரு. கண்ணால பாக்கிறவங்க யாரும் புதன் லீவுன்னு எழுத மாட்டாங்க. பிள்ளைங்க பேசறது உன் ஹெட்போனுக்குள்ள. ஒரே குரல்னு எழுதினவருக்கு உன்னைக் காதால மட்டும்தான் தெரியும். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு?"

"கண்டக்டரா? ஏன்? நான் அவருக்கு என்ன பண்ணேன்?"

"கையெழுத்தைப் பாரு. பழக்கமில்லாத இடது கை. வலது கை விளங்கல. உனக்கு எதிரா எழுதற ஆளு, வீட்டுக்கு யாரும் வர்றதில்லன்னு உனக்குச் சாதகமா ஏன்டி எழுதறாரு?" அக்கா நிறுத்தினாள். "அவரு உனக்கு வணக்கம் சொல்லலன்னு சொன்னியே. சொல்ல முடியலன்னு தோணவே இல்லையா? அதுதானே உன் தொழிலு?"

அவளுக்கு முகம் சுட்டது. எட்டு மாதமாக நாளுக்கு ஐந்து மணி நேரம் பேச்சு வராதவர்களோடு இருந்தும், படியில் எதிர்ப்பட்ட ஒருவரின் மௌனத்தைத் திமிர் என்று எப்படி வாசித்தாள்? தனக்கு ஒரு வணக்கம் வரவேண்டும் என்பதைத் தவிர அவரிடம் எதையும் அவள் தேடவில்லை.

அக்காவோடு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் திறந்தார், போலீசைப் பார்த்துத் தயங்கினார், பிறகு உள்ளே போய் ஒரு நகலோடு வந்தார். இரண்டாம் தாள்.

'எனக்கு ஆட்சேபணை இல்லை. பக்கவாதத்தில் பேச்சு போனது. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளோடு நானும் படிக்கிறேன். வீட்டில் தொழில் செய்வோர் பதிவு செய்ய மாதக் கடைசி வரைதான் நேரம் என்று படிக்கட்டில் ஒட்டியிருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவர் அதைப் பார்க்காமலே போகிறார். என்னால் சொல்ல முடியவில்லை; ஒளிந்து கேட்பதால் எழுதி நீட்டவும் கூச்சம். தயவுசெய்து அவருக்குத் தெரிவியுங்கள். பாடம் நிற்கக் கூடாது.'

அவள் எழுத்துகளின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நன்றி என்று சொல்லப் போனவளுக்கு நாக்கு தடுக்கியது.

அவர் இடது கையை உயர்த்தி அமர்த்தினார். பிள்ளைகளிடம் அவள் தினமும் சொல்வதை அவளுக்கே சொன்னார்.

"மெ... மெதுவா. அவ... அவசரமில்ல."

11.00. அதிகாரி நேரத்துக்கு வந்தார். இரண்டாம் தாளைப் பிரித்து இரண்டு முறை படித்தார். இது வராமல் மாதம் முடிந்திருந்தால் நிறுத்தச் சொல்லித்தான் உத்தரவு வந்திருக்கும் என்றார். சத்தமும் கூட்டமும் இல்லாத வேலைக்கு அனுமதி கிடைப்பதில் சிக்கலில்லை, அனுமதி இருந்தால் ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டுக்காரர் வெளியேற்றவும் முடியாது என்று சொல்லிப் படிவத்தை நீட்டினார்.

அவள் நிரப்பினாள். விடுமுறை: ஞாயிறு மட்டும். 'வீட்டுக்கு வருபவர்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது. வாசலில் நின்ற கண்டக்டரைப் பார்த்தாள்.

"புதன்கிழமை காலையில எனக்குப் பாடம் இல்ல. வர்றீங்களா?"

அவர் தலையாட்டவில்லை. வாயைத் திறந்தார். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"வ... வர்றேம்மா."

"காசு வாங்கினா வரிக் கணக்குல காட்டிடு," என்றாள் அக்கா, ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அவருக்கு நான்தான் அக்கா பாக்கி," என்றாள் அவள். படிவத்தில் எழுதினாள்: ஒருவர்.