ஐந்து பேர் மட்டும்

காலை எட்டு மணி ஆனால் கௌசலாவின் வீட்டு விறாந்தை வகுப்பறை ஆகிவிடும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது பாடம் நடப்பதில்லை. சண்டையால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அங்கே தங்கியிருந்தன. பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகளில் குழந்தைகள் தூங்கினார்கள். கரும்பலகையின் மேல் யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள். அதனால் கௌசலாவின் அம்மா மீனாம்பிகை, தங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், இருந்த பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தாள். கௌசலாவோடு சேர்த்து ஐந்து பேர். பிறகு யசிந்தா வந்தாள். ஆறு பேர் ஆனார்கள்.

யசிந்தா குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். அவளுடைய அப்பா யாகோப்பு அங்கே மீன் பிடித்தார். இங்கே, கௌசலா வீட்டு வேலிக்கு அப்பால் இருந்த சீவரத்தினத்தின் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் இறைத்தார்.

யசிந்தாவுக்கு மெல்லப் பேச வராது. அவள் பாடம் வாசித்தால் அடுத்த வீட்டு ஆடு தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். காற்றுக்கு எதிரே வள்ளத்தில் நின்று பேசுகிறவர்களின் குரல் இப்படித்தான் இருக்கும் என்று யாகோப்பு வெட்கத்தோடு சொல்வார். ஆனால் பின்னக் கணக்கில் அவளை முந்த அந்த ஒழுங்கையில் ஆளில்லை. ஒரே புத்தகத்தை அவளும் கௌசலாவும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு படித்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை சீவரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். அவருடைய மகன்மார் இருவர் இங்கேதான் படித்தார்கள். கல்விக் கந்தோரில் அதிகாரிகள் ஒரு புதிய சட்டத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று அவர் சொன்னார். ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் வரை படிக்கலாம். ஐந்துக்கு மேல் போனால் அது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும், தனிக் கட்டடம் வேண்டும். இல்லாவிட்டால் மூடவேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி ஒருவர் வீடு வீடாக வந்து எண்ணப்போகிறார்.

அன்று பின்னேரம் பெற்றோர் கூடினார்கள். ஐந்து என்று சொல்வதென்று முடிவாயிற்று. கடைசியாக வந்தவள் யசிந்தா. வெள்ளிக்கிழமை அவள் தோட்டத்தில் இருக்கட்டும். சட்டம் வந்துவிட்டால் அவள் நின்றுவிட வேண்டியதுதான்.

யாகோப்பு கோபிக்கவில்லை. "நாங்கள் வந்த சனம். எங்களாலை உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மீனாம்பிகை அதை யசிந்தாவிடம் சொன்னபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

யசிந்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சனிக்கிழமை வரலாமோ, அக்கா?"

"சனிக்கிழமை வரலாம்" என்றாள் மீனாம்பிகை. அதற்குப் பிறகு என்ன என்று அவள் சொல்லவில்லை. யசிந்தாவும் கேட்கவில்லை.

புதன்கிழமை அம்மா கௌசலாவைப் பக்கத்து ஒழுங்கைக்கு அனுப்பினாள். அங்கேயும் ஒரு வீட்டில் வகுப்பு நடந்தது. சுற்றாடல் புத்தகத்தை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கவேண்டும். கௌசலா அங்கே போய்ப் பார்த்தபோது ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து பேர் மட்டும் வருவார்கள் என்று அந்த வீட்டுப் பெண் பிள்ளை குசுகுசுத்தாள். நாலு பேர் கிணற்றடிக்குப் பின்னால் ஒளிப்பார்களாம். சந்தி வீட்டில் ஏழு பேராம். அவர்களும் ஐந்து என்றுதான் சொல்லப்போகிறார்களாம்.

கௌசலா புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். இங்கே ஐந்து, அங்கே ஐந்து, சந்தியிலும் ஐந்து. இதில் ஏதோ ஒரு கணக்குப் பிழைக்கிறது என்று அவளுக்குப் பட்டது. என்ன பிழை என்று மட்டும் உடனே பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மார்க்கண்டு என்ற அந்த அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர். வியர்த்துப்போயிருந்தார். மீனாம்பிகை கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மடித்து வைத்திருந்த தாளை விரித்தார்.

"எத்தனை பேர்?"

"ஐஞ்சு பேர், ஐயா" என்றாள் மீனாம்பிகை.

சீவரத்தினமும் வேலியோரம் நின்று தலையாட்டினார்.

மார்க்கண்டு எழுதினார். கௌசலா எட்டிப் பார்த்தாள். தாளில் வீட்டுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 5, 5, 4, 5, 5.

"ஐயா, உந்தத் தாளை என்ன செய்வியள்?" என்று அவள் கேட்டாள்.

அம்மா அவளை முறைத்தாள். மார்க்கண்டு முறைக்கவில்லை.

"கொழும்புக்குப் போகும், பிள்ளை. ஐஞ்சு எண்ட கணக்குச் சரியோ எண்டு அவை இதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பினம்."

"எல்லா வீட்டிலையும் ஐஞ்சு எண்டால்?"

"ஐஞ்சு சரி எண்டு சட்டத்தைப் போட்டிடுவினம்."

இப்போது பிழை எங்கே என்று கௌசலாவுக்குத் தெரிந்துவிட்டது. சீவரத்தினத்தின் பக்கம் பார்க்காமல், தாளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்கடை வீட்டிலை ஆறு பேர், ஐயா. ஒராளைத் தோட்டத்திலை இருத்தியிருக்கிறம்."

மார்க்கண்டு பேனையை மூடினார். திரும்பவும் திறந்தார்.

"உண்மையோ?" என்று அவர் மீனாம்பிகையிடம் கேட்டார்.

மீனாம்பிகை எழுந்து படிக்கட்டில் நின்று, "யசிந்தா" என்று கூப்பிட்டாள்.

"ஓம், வாறன்" என்று வாழைகளுக்குள்ளிருந்து வந்த குரலில் மார்க்கண்டுவின் பேனை நழுவிக் கோடு இழுத்துவிட்டது.

முதல் தடவையாக அவர் சிரித்தார். பிறகு 5 ஐ வெட்டிவிட்டு 6 என்று எழுதினார்.

சீவரத்தினம் வேலியை விட்டு உள்ளே வந்தார். "தங்கச்சி, உன்ரை பிள்ளை எல்லாரையும் கவிட்டுப்போட்டுது" என்றார்.

மார்க்கண்டு அவருக்கு விளங்கப்படுத்தினார். இது இன்னும் சட்டமில்லை. மாதமுடிவுக்குள் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் தாளோடு சேர்த்து அனுப்பலாம். ஆனால் எல்லா வீட்டிலும் ஐந்து என்று சொல்லிவிட்டு, ஐந்து போதாது என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

சீவரத்தினம் தாடையைச் சொறிந்தார். நெடுநேரம் சொறிந்தார்.

அன்று மத்தியானம் மீனாம்பிகை கோடு போட்ட ஒற்றைறூள் தாளில் கடிதம் எழுதினாள். எங்கள் வீட்டில் ஆறு பிள்ளைகள் படிக்கிறார்கள், பள்ளிக்கூடம் திறக்கும் வரை இவர்களுக்கு வேறு இடமில்லை என்று இரண்டே வசனங்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். யாகோப்பு தன் பெயரை ஆறுதலாக, எழுத்து எழுத்தாக எழுதினார். கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர் சீவரத்தினம்.

அடுத்த நாள் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்து ஒழுங்கைக்கும் சந்திக்கும் போனார். உண்மையான எண்ணிக்கையை எழுதிக் கொடுக்கும்படி எல்லோரையும் கேட்டார். இது தன்னுடைய யோசனை என்றும் சொல்லிக்கொண்டார். கௌசலாவுக்கு அது காதில் விழுந்தது. அவள் திருத்தப் போகவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. ஒரு வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள் வரை படிக்கலாம் என்று அதில் இருந்தது. மீனாம்பிகை அதை உரத்து வாசித்துவிட்டு விறாந்தையைப் பார்த்தாள். வகுப்புக்கு இப்போது பதினொரு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னும் ஒராளுக்கு இடமிருக்கு" என்று கௌசலா சொன்னாள். சொல்லிவிட்டு, யசிந்தா பிடித்திருந்த புத்தகத்தின் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.