சம்மணக்காரியின் மேஜை

திரை மூன்றாவது முறையாக இருண்டது.

முதல் இரண்டு முறை, அவள் எழுந்து நின்று திட்டியதும் தானாக உயிர் வந்தது. இந்த முறை பொறுமை போய், கம்ப்யூட்டர் பட்டனையே அழுத்திப் பிடித்து அணைத்துத் தொலைத்தாள்.

"ஐயோ... என் யானை!"

ஓவியக்காரியின் அலறலில் பதிப்பகமே திரும்பிப் பார்த்தது. குழந்தைகள் புத்தகத்துக்காகக் காலையிலிருந்து வரைந்த யானை... தும்பிக்கை, குளம், எல்லாம் போச்சு. அவ்வப்போது சேமித்து வைக்கிற பழக்கம் அவளுக்கு என்றைக்கு இருந்தது?

மேஜைக்கு அடியில் புது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று சிவப்பாகக் கண் சிமிட்டியது. இதுதான் வேலையைக் காட்டியிருக்கிறது! நாற்காலியிலிருந்தே குனிந்தாள். எதிர்ப்பக்கமிருந்து இன்னொரு தலையும் குனிந்தது.

டங்!

நெற்றியைத் தேய்த்தபடி நிமிர்ந்தால்... மழையில் நனைந்த சட்டை, தோளில் பை, பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் மூங்கில் கீபோர்டு. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் இந்தப் பாக்ஸை நேற்று நாற்பது மேஜைகளிலும் பொருத்தியவன். இன்று சரிபார்க்க வந்திருந்தான். ஆபீஸ் அதற்குள் அவனுக்கு 'மிச்சம்' என்று பெயரே வைத்துவிட்டது. கண்களுக்கு மட்டும் சிக்கனம் தெரியாது போல... தாராளமாகச் சிரித்தன.

"மன்னிச்சுக்கோங்க... சீட்டுல ஆள் இல்லன்னா பத்து நிமிஷத்துல திரையும் விளக்கும் தானா அணைஞ்சிடும்."

"ஆள் இல்லன்னாவா? அப்ப நான் யாரு, பேயா?"

"பேய் இவ்ளோ அழகா..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பேச்சையும் கொஞ்சம் மிச்சம் பிடிங்க!"

மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவள் ஓய்ந்தாள்.

மறுநாள் பக்கத்து சீட்டு அக்கா விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "வெள்ளிக்கிழமை நாப்பது பாக்ஸையும் கழட்டணுமாம். அந்தப் புள்ளைக்கு முதல் ஆர்டரே இதுதானாம். 'பாக்ஸ் வெச்ச இடம் தப்பு, பொறுப்பு என்னோடது'ன்னு எழுதிக் குடுத்துட்டான்."

"தப்பு பண்ணினவர் ஒத்துக்கிறார்."

"யாரு தப்புடி? கீழ கால் அசையறதைப் பாத்துத்தான் அது ஆள் இருக்கறதைக் கண்டுபிடிக்குதாம். நீ என்னிக்குக் காலைக் கீழ வெச்சிருக்கே?"

ஓவியக்காரி மெல்லக் குனிந்து பார்த்தாள். நாற்காலி மேல் சம்மணம்! வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே இப்படித்தான். நேற்று குனிந்தபோது கீழே செருப்பு மட்டும் தனியாகக் கிடந்ததை அவனும் பார்த்திருப்பான். பார்த்தும் காட்டிக் கொடுக்கவில்லையே... மனசு என்னவோ செய்தது.

புகாரைத் திரும்ப வாங்கிவிடலாம்தான். ஊரே பார்க்கக் கத்திவிட்டு, இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? ரோஷம் விடவில்லை. ஆனால் வெள்ளி வரை இருந்த இரண்டு நாளும் காலைத் தொங்கப் போட்டே உட்கார்ந்தாள். திரை ஒருமுறைகூட அணையவில்லை. அது வேறு உறுத்தியது.

வெள்ளிக்கிழமை... ஜன்னலில் மறுபடி மழை. அவன் ஸ்க்ரூடிரைவரோடு முதலில் அவள் மேஜைக்குத்தான் வந்தான்.

"இருங்க!" என்று எழுந்தாள். மரத்துப்போன கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தடுமாறியவளை முழங்கையைப் பிடித்து நிறுத்தினான்.

"கால்ல என்ன ஆச்சு?"

"ரெண்டு நாளா தொங்கப் போட்டிருக்கேன்ல... உங்க பாக்ஸுக்கு நான் இருக்கேன்னு தெரியணுமே..." என்று முணுமுணுத்தாள். அப்புறம் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "சார்! தப்பு என்னோடது! சம்மணம் போட்டு உக்காந்தது நான்தான். புகாரைக் கிழிச்சிடுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டு காகிதத்தைக் கிழித்தார்.

அவன் பையிலிருந்து குட்டி மூங்கில் தாங்கி ஒன்றை எடுத்தான். அதன் உச்சியில் அதே சிவப்புக் கண். "இதை மேஜை மேல வெச்சா கை அசையறதைப் பாக்கும். நீங்க சம்மணம் போட்டே உக்காருங்க. மத்ததெல்லாம் போனாலும் இது ஒண்ணை மட்டும் வெச்சிட்டுப் போகலாம்னு செதுக்கிக்கிட்டிருந்தேன்."

"உங்க பொழப்பைக் கெடுக்கப் பாத்தவளுக்கா?"

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான். கண்கள் சிரிக்கவில்லை. "அன்னிக்கு முட்டிக்கிட்டதுலேர்ந்து..."

கன்னம் சூடானது. தாங்கியை வாங்கி மேஜை மேல் வைத்தாள். செருப்பை உதறிவிட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். திரை ஒளிர்ந்தது.

"பத்து நிமிஷம் இங்கேயே நில்லுங்க... வேலை செய்யுதான்னு பாக்கணும்ல?"

"பத்து நிமிஷம் போதுமா?"

புது யானையை மறக்காமல் சேமித்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போதாது... எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."