எட்டாவது தட்டு

ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ஒரு தட்டு குறைந்தது. ஏழு தெளிவாக விழுந்தன. எட்டாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. யாரோ பேச வாயைத் திறந்து, பேசாமலே மூடிக்கொண்ட மாதிரி ஒரு வெற்றிடம்.

ஹட்டனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் கடைசியான தொங்கல் காம்பராவில், நிரோஷன் மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். வாசலில் தொங்கிய பலகை அவரை 'மேற்கத்திய இசை வித்தகர், இணையவழி இசை ஆலோசகர்' என்றது. கொழுந்து லொறி டிரைவரைத் தவிர யாரும் அதை முழுதாக வாசித்ததில்லை. அவரும் வளைவில் லொறி நின்றுபோன அன்றைக்குத்தான் வாசித்தார்.

வேலை இதுதான். பழைய வீடியோ கேம் ஒன்றில், குகைக்குள் நடக்கும்போது ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும் இசையைக் காதால் கேட்டு நோட்ஸாக எழுதி, நோர்வேயில் இருக்கும் இணையதளம் ஒன்றுக்கு ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் தவறினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். வாசல் பலகைக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பெயர்தான்.

எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒரு கட்டத்துக்கு எத்தனை தட்டு என்று சொல்லும் டைம் சிக்னேச்சர் மட்டும் பாக்கி. நாலு-நாலு என்று போட்டால் ஒரு கட்டத்துக்கு எட்டுத் தட்டு. கடைசியில் அந்த வெற்றிடத்தையும் மௌனமாக எழுதி வைக்க வேண்டும். ஏழு-எட்டு என்று போட்டால் மௌனத்தை வெட்டி எறிந்துவிடலாம். நாலு-நாலு எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் போடும். ஏழு-எட்டு போட்டால் நோர்வேயில் இருக்கிறவனும் ஒரு நிமிஷம் தாடியைத் தடவுவான்.

"ஏங்க, சாவு வீட்டுக்குப் போறேன்." மனைவி லோஜினி தேத்தண்ணி வாளியோடு நின்றாள். "கந்தப்பன் மாமாவ மூணு மணிக்குத் தூக்குறாங்க. நீங்களும் வந்து ஒரு பிடி மண்ணு போட்டா என்னாவாம்?"

"வேலையில இருக்கேன்."

அவள் ஹெட்போனைப் பிடித்து இழுத்து ஒரு காதில் வைத்துக்கொண்டாள். முகம் மாறியது. "இது நம்ம சின்னராசா அண்ணன் அடிக்கிற சாவுத்தப்பு மாதிரியில்ல இருக்கு?"

"இது ஜப்பான் மியூசிக், லோஜினி."

"ஜப்பான்லயும் சாவாங்கதானே?" மறுபடி கேட்டாள். "அதேதாங்க. ஏழு அடி, அப்புறம் ஒரு சும்மா. ஏழு தூக்கிட்டுப் போறவங்களுக்கு. அந்தச் சும்மா போறவருக்கு. அவரும் ஒரு கால் எடுத்து வைக்கணும்ல? இல்லாட்டி எப்படிக் குழிக்குப் போய்ச் சேருவாரு?"

"மூடநம்பிக்கைக்கெல்லாம் நோட்ஸ் கிடையாது."

"அப்ப பலகைக்கு மட்டும் இருக்கோ?" என்றபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டர் ஏழு-எட்டு போட்டார். அறுபத்து நான்கு கட்டங்களில் இருந்த அறுபத்து நான்கு மௌனங்களும் ஒரே அழுத்தில் அழிந்தன. சரிபார்க்க வேண்டும் என்று, கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கும் பெரிய ஸ்பீக்கரை வாசலுக்கு நேராகத் திருப்பி, தான் எழுதியதை முழுச் சத்தத்தில் போட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பாடை வளைவில் திரும்பியது. பனிமூட்டம் தேயிலைச் செடிகளை இடுப்பளவுக்கு விழுங்கியிருந்தது. அதற்கு மேலே தோள்களும், தோள்களுக்கு மேலே செவ்வந்திப் பூக்களும் மட்டும் மிதந்து வந்தன. ஈரமண்ணும் சாம்பிராணியும் கலந்த வாசம் அவற்றுக்கு முன்னாலேயே காம்பராவுக்குள் நுழைந்துவிட்டது. சின்னராசாவின் தப்பு ஏழு அடித்து நின்றது, ஏழு அடித்து நின்றது. பிறகு ஸ்பீக்கரின் சத்தம் அதைப் பிடித்தது. தப்பு தடுமாறியது, எதையோ தேடியது, கடைசியில் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டது. ஏழு, ஏழு, ஏழு. இடையில் நிற்கவே இல்லை. தூக்கியவர்கள் ஏறக்குறைய ஓடினார்கள்.

மாஸ்டர் புன்னகைத்தார். கடைசியில் இந்தத் தோட்டமும் அவருடைய தாளத்துக்கு வந்துவிட்டது.

"டேய், என்னடா பாடை திடீர்னு இலேசாயிருச்சு?" பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"பேசாம நடடா."

போய்விட்டார்கள். ஸ்பீக்கரை நிறுத்தினார். தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும். லயத்தில் ஆளில்லை, ஆண்கள் எல்லோரும் பாடைக்குப் பின்னால், பெண்கள் எல்லோரும் சாவு வீட்டில். அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை கேட்போம் என்று சத்தத்தைக் குறைத்துப் போட்டார்.

ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் ஏதோ உரசியது.

ஸ்பீக்கர் வயராக இருக்கும். அடுத்த கட்டம். மறுபடி உரசல். வெறுங்கால் சிமெந்தில் தேய்கிற சத்தம். முன்னே வர எழும்பி, வர இடம் கிடைக்காமல், நின்ற இடத்திலேயே மறுபடி விழுகிற கால். அடுத்த கட்டத்திலும். அதற்கடுத்ததிலும்.

பாட்டை நிறுத்தினார். உரசல் நின்றது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இஸ்தோப்பில் யாருமில்லை. பனி மட்டும் படியேறி வந்திருந்தது. சாம்பிராணி வாசம் போகவில்லை. பாடை போய் அரை மணி நேரமாகிவிட்டது.

அவரும் ஒரு கால் எடுத்து வைக்கணும்ல?

நோர்வேக்காரன் தாடி நாசமாய்ப் போகட்டும். ஏழு-எட்டை அழித்து நாலு-நாலு போட்டார். வெட்டியதையெல்லாம் திருப்பி வைத்தார். செத்தவருக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டால் போய்விடுவார். போட்டார்.

ஏழு தட்டு. மௌனம்.

பொத்.

உரசல் இல்லை. நன்றாக, முழுதாக, ஒரு காலடி. இல்லை, ஒரு கால் இல்லை. இரண்டு பாதமும் ஒன்றாக விழுந்த சத்தம்.

ஏழு தட்டு. பொத்.

போகிறார் என்று நினைத்தார். ஏழு தட்டு. பொத். சத்தம் தூரப் போகவில்லை. கிட்டே வந்தது. குழி எங்கேயோ மலைச்சரிவில் இருந்தது. அவரை வழியில் இறக்கிவிட்ட தாளம் இங்கே இருந்தது. அவர் தாளத்தின் பின்னால்தான் வருவார். வேறெங்கே போவார்?

பிளக்கைப் பிடுங்கினார்.

அமைதி. கதவுக்கு வெளியே, அரை அடி தூரத்தில், அமைதி.

நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஐந்து மணி வந்தது, போனது. அனுப்பவில்லை. பெயர் போயிருக்கும். போகட்டும்.

கதவு திறந்தது.

லோஜினி. தலைக்குக் குளித்திருந்தாள். ஈரக்கூந்தல். கையில் வெறும் வாளி. அவருக்கு உயிர் வந்தது.

"வந்துட்டியா? உள்ள வா. சீக்கிரம் கதவச் சாத்து."

அவள் வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்றாள். அவரையே பார்த்தாள். கண் இமைக்கவில்லை.

"என்னா லோஜினி?"

மேசையில் ஏதோ தட்டுகிற சத்தம். குனிந்து பார்த்தார். அவருடைய விரல். எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. ஏழு தட்டியது. நின்றது.

லோஜினி வாசற்படியைத் தாண்டினாள்.

பொத்.

விரலை மற்றக் கையால் அமுக்கினார். அடங்கவில்லை. ஐந்து. ஆறு. ஏழு.

பொத்.

சேலைக் கரை ஈரமாகத் தூக்கி நின்றது. அதற்குக் கீழே இரண்டு பாதங்களும் ஒட்டி நின்றன. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து, வெள்ளைத் துணியால் இறுக்கக் கட்டியிருந்தது.