பார்வை மொய்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேநீர் குடித்து முடித்ததும், நிலவின் சந்திரபுரிக் குடியிருப்பில் மூன்றாம் தாழ்வாரத்துக்காரர்கள் எல்லோரும் அம்பிகாபதி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே பனிமலை ஏறினார்கள்.

உண்மையில் ஏறியவர் அம்பிகாபதி ஒருவர்தான். அதுவும் போன மாதம், பூமியில். மற்றவர்களின் தலைக்குள் அந்த ஏற்றம் இப்போது ஊற்றப்பட்டது. காதுக்குப் பின்னால் மிளகளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நினைவுக்குமிழ், கண்டதையும் கேட்டதையும் மட்டுமல்ல, பட்ட குளிரையும் அடைந்த மகிழ்ச்சியையும்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி ஊற்றுக்கலத்தில் போட்டுவிட்டால், அறையில் இருக்கும் அத்தனை பேருடைய குமிழுக்கும் பாயும். வேண்டாம் என்கிறவர் காதுமடலை ஓர் அழுத்து அழுத்தினால் நின்றுவிடும். ஆனால் விருந்து வீட்டில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடுவதற்குச் சமம் அது. யாராவது செய்வார்களா?

இந்த வழக்கத்துக்குப் பார்வை மொய் என்று பெயர். உன் பயணத்தை நான் உட்கார்ந்து பார்த்தேன், என் பயணத்தை நீ உட்கார்ந்து பார். காற்றுக்குழாய் மேற்பார்வையாளர் தங்கப்பழம் இப்படித் தாழ்வாரத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மொய் வைத்திருக்கிறார். பாலைவனம், கோயில் கோபுரம், யாரோ ஒருவருடைய மைத்துனர் ஊர்த் திருவிழா, இப்போது இந்தப் பனிமலை. பாதி மலையில் அவர் என்ன செய்தார் என்பது அவருக்கும் அவர் காதுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கண்ணைத் திறந்ததும் முதல் ஆளாக, "அடடா, உடம்பே நடுங்கிப்போச்சு அம்பிகாபதி!" என்று சொல்ல அவர் தவறவில்லை.

"அடுத்தது உங்க மொய்தான் தங்கப்பழம். தீவுக்குப் போறீங்களாமே? அங்க கப்பலுக்கு வழிகாட்டுற விளக்குமாடம் ஒண்ணு இருக்காமே?" என்றார் அம்பிகாபதி. "நல்லாப் பதிஞ்சுட்டு வாங்க. கடைசி வீட்டுக் கதையா ஆயிடக் கூடாது."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தங்கப்பழமும் சேர்ந்து சிரித்துவைத்தார். கடைசி வீட்டு மாசிலாமணி முன்பு ஒருமுறை குடும்பத்தோடு அருவிக்குப் போய்விட்டு வந்து, குமிழ் கெட்டுப்போய்விட்டது என்றார். ஒருவரும் நம்பவில்லை. இவன் எங்கே போனான், சும்மா கதை விடுகிறான் என்று பேச்சு கிளம்பி, அந்த வீட்டுக்குப் 'போகாத வீடு' என்றே பெயராகிவிட்டது. அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. தங்கப்பழமும்தான்.

பூமிக்குப் போவது லேசுப்பட்ட காரியமா? அனுமதி கிடைக்கக் காத்திருந்து, பூமியின் கனம் தாங்குவதற்காக இடுப்பிலும் காலிலும் எடைப்பட்டை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் மூச்சுவாங்க நடந்து, ஒருவழியாகத் தங்கப்பழமும் அவர் மனைவி ஞானசுந்தரியும் மன்னார் வளைகுடாவில் இருக்கும் முத்துக்குவளைத் தீவில் போய் இறங்கினார்கள். சின்னத் தீவு. ஒரு விளக்குமாடம், ஓர் அலையாத்திக் காடு, தண்ணீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் ஒரு மணல்திட்டு. வேறொன்றும் கிடையாது. அதற்காகவே அங்கே கூட்டமும் கிடையாது.

"எனக்குக் கடலப் பாத்தாப் போதும்," என்றாள் ஞானசுந்தரி.

"பாக்குறதுக்கா வந்தோம்? பதியணும் ஞானம், பதியணும்."

மகிழ்ச்சியும் பதிவாகும் என்பதில்தான் தொல்லையே இருந்தது. அலையாத்திக் காட்டுக்குள் படகு நுழைந்ததும் தங்கப்பழம் காதைத் தொட்டுப் பதிவைத் தொடங்கிவிட்டு, முகத்தை மலர்த்தி மகிழ்ச்சிக்குத் தயாரானார். அந்த நேரம் பார்த்து ஒரு கொசு கடித்தது. நிலவில் கொசு ஏது? அவருடைய எரிச்சல் அத்தனையும் குமிழில் ஏறிவிட்டது. "ஐயோ, இத ஊத்துனா மொத்தத் தாழ்வாரமும் சொறியும்!" என்று அலறி, பதிவை அழித்துவிட்டுப் படகைத் திருப்பச் சொன்னார். "மொதல்லேந்து வருவோம். ஞானம், நீ மறுபடியும் ஆச்சரியப்படு."

படகோட்டி சவேரியம்மாள் துடுப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, கடலு இந்தப் பக்கம் கெடக்கு. நீங்க என்ன காதையே தடவிக்கிட்டு இருக்கீங்க? சீழ் கீழ் பிடிச்சிருக்கா?"

ஞானசுந்தரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பும் பதிவில் விழுந்து, மறுபடியும் அழிக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அதிர்ஷ்டம் அடித்தது. கடல்புல் மேய்ச்சலுக்கு வந்த ஆவுளியா ஒன்று படகுக்குப் பக்கத்திலேயே மூச்செடுக்கத் தலைநீட்டியது. மனிதர் கண்ணில் அபூர்வமாகத்தான் படும் கடற்பசு. தங்கப்பழம் பதறிப்போய்க் காதை அழுத்தி, பதிவாகிறதா என்று உறுதிசெய்து, மகிழ்ச்சியை வரவழைத்து நிமிர்வதற்குள் அதன் வால் மட்டும் தெரிந்து முழுகியது. பரவாயில்லை, வாலாவது கிடைத்ததே! பனிமலையாவது மண்ணாங்கட்டியாவது, அம்பிகாபதி இன்றோடு காலி என்று அவருக்கு ஒரே குஷி. அந்தக் குஷியில் கடலில் குளிக்க இறங்கினார்.

அஜாக்கிரதையாக ஒன்றும் இறங்கவில்லை. குமிழ்மேல் சந்திரபுரி ஒட்டுத்தாளை நன்றாக ஒட்டிக்கொண்டுதான் இறங்கினார். அங்கே குளியலறையில் வருடக்கணக்கில் அவரைக் காத்த ஒட்டுத்தாள் அது. ஆனால் நிலவில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் ஒரே தண்ணீர்தான். உப்புத்தண்ணீர் என்று ஒன்றை அவர்கள் பாடத்தில் படித்ததோடு சரி, அதற்கென்று ஒட்டுத்தாள் செய்ததில்லை. மூன்றாவது அலையில் தாள் ஊறிய அப்பளமாகக் கரைந்தது. காதுக்குப் பின்னால் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினார் தங்கப்பழம். "ஞானம், உன் குமிழ்ல எதாவது இருக்கா?"

"நான் எங்க கொண்டாந்தேன்? அது வீட்ல அரிசி டப்பாக்குள்ள கெடக்கு."

"அடிப்பாவி!"

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. போகாத வீடு, போகாத வீடு என்று காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஊர் திரும்ப இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலையில் ஞானசுந்தரியிடம் போய், "விளக்குமாடத்துல ஏறலாமா?" என்று சுரத்தில்லாமல் கேட்டார்.

"யாருக்குக் காட்ட? எடைப்பட்டை கட்டி நடந்ததுலயே எனக்கு முட்டி போச்சு. பேசாம வாங்க."

விளக்குமாடம் ஏறவில்லை. நீர் வற்றியபோது சவேரியம்மாள் அவர்களை மணல்திட்டில் கொண்டுபோய் விட்டாள். நண்டுகள் வளை தோண்டுவதைப் பார்த்தார்கள். அவள் சுட்டுக்கொடுத்த பாறை மீனைக் கையைச் சுட்டுக்கொண்டு தின்றார்கள். காலை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தார்கள். தங்கப்பழத்தின் கை மட்டும் அவ்வப்போது காதுவரை போய்த் திரும்பி வந்தது. அப்போதுதான் அந்த ஆவுளியா மறுபடியும் வந்தது, இந்த முறை குட்டியோடு. குட்டி தாயின் முதுகில் உரசிக்கொண்டு, சின்ன மூக்கை நீட்டிப் 'புஸ்' என்று மூச்சுவிட்டு, அவரை நேராகப் பார்த்தது. தங்கப்பழமும் அதை நேராகப் பார்த்தார். முழுசாக, வால் வரைக்கும். வரவழைக்காமலே சந்தோஷம் வந்துவிட்டது. மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

ஆனால் சந்திரபுரிக்குத் திரும்பும் விண்கலத்தில் ஏறியதுமே பழைய பயம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. ஞாயிறும் வந்தது. தாழ்வாரமே அவர் கூடத்தில் கூடிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று தங்கப்பழம் முடிவு செய்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். ஒரு விஷயம் என்னன்னா..."

"பேச்செல்லாம் அப்புறம் தங்கப்பழம், மொதல்ல ஊத்துங்க!" என்றார் அம்பிகாபதி. சொல்லிவிட்டுக் கண்ணை மூடியும் விட்டார். மற்றவர்களும் வரிசையாக மூடிக்கொண்டார்கள். மூடிய கண்களிடம் எதைச் சொல்வது? செத்த குமிழை எடுத்துக் கலத்தில் போட்டார். கலம் முனகிவிட்டு வெறுமையை ஊற்ற ஆரம்பித்தது. இதோ ஒருவன் கண்ணைத் திறப்பான், இதோ சிரிப்பான் என்று அவர் வியர்த்துக்கொண்டு நின்றார். ஒருவரும் திறக்கவில்லை. மூலையிலிருந்து மெல்லிய குறட்டைச் சத்தம் கேட்டது.

கலம் நின்றதும் எல்லோரும் சோம்பல் முறித்தார்கள். முதல் ஆளாக அம்பிகாபதி பேசினார். "அடடா! அந்த விளக்குமாடம் ஏறினதுல எனக்கே முட்டி வலிக்குது தங்கப்பழம்!"

"மேலேர்ந்து பாத்தப்ப தல சுத்திடுச்சு," என்றார் இன்னொருவர்.

தங்கப்பழம் ஞானசுந்தரியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். ஏறாத விளக்குமாடத்தை இவர்கள் எங்கே பார்த்தார்கள்? அப்போதுதான் அவருக்கு அந்தப் பனிமலையும், பாதி மலையில் தன் காதுமடலை அழுத்திவிட்டுத் தான் தூங்கிய தூக்கமும் நினைவுக்கு வந்தன. தான் ஒருவன்தான் பாவி என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தாரே! நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு விழுந்த மாதிரி இருந்தது. மாசிலாமணி செய்த தப்பு இப்போது விளங்கியது. அந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டாம்.

கூட்டம் கலைந்த கையோடு, சவேரியம்மாள் கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தங்கப்பழம் கடைசி வீட்டுப் பக்கம் நடந்தார். கதவைத் தட்டப் போகும்போது, பின்னால் அம்பிகாபதி வேகமாக வந்து தோளைத் தொட்டார். எந்தக் கதவு என்றுகூட அவர் கவனிக்கவில்லை.

"தங்கப்பழம், ஒண்ணு கேக்கணும். உங்க தீவு என்னமோ மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. இப்படி ஒரு மொய் நான் பாத்ததே இல்ல. அடுத்த விடுமுறைக்கு நாங்களும் அங்கதான். என்னென்ன பாக்கணும், சொல்லுங்க."

"மணல்திட்டுல போய்ச் சும்மா உக்காருங்க. மீன் சுட்டுத் தருவாங்க. ஆனா மொதல் வேலையா, எறங்குன அன்னைக்கே கடல்ல ஒரு குளியல் போட்டுருங்க."

"குளிக்கலாம். குமிழுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

தங்கப்பழம் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டார்.

"சேச்சே, ஒண்ணும் ஆகாது," என்றார். "நம்ம ஊர் ஒட்டுத்தாளே போதும்."