வளையாத கழுத்துகள்

மாணிக்கவேலின் தலை இடப்பக்கம் திரும்பியிருந்தது. அரைமணி நேரத்துக்கு முன் அது நேராக இருந்ததைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் ஷிபானா பார்த்திருந்தாள். மூளைக்காய்ச்சலில் விறைத்துப்போன கழுத்து அது. இரண்டு கையாலும் திருப்பினாலும் அசையாது. பீங்கான் சூளையில் வேலை பார்த்தவன். நகக்கண்ணில் வெள்ளை மண் இன்னும் போகவில்லை. நினைவு தப்பி மூன்று நாளாகிறது. கண்கள் உலராமலிருக்க இமைகளின்மேல் அவள்தான் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

இடப்பக்கம் கொளஞ்சியம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தம்பி என்னையே பாக்குற மாரி இருக்குது சிஸ்டர்" என்று சிரித்தாள்.

மறுநாள் மாலை வலிப்போடு அவளைத் தூக்கிவந்து இரண்டாவது கட்டிலில் போட்டார்கள்.

காய்ச்சலும் மயக்கமுமாக வருகிறவர்களின் முதுகுத்தண்டு நீரைச் சென்னைக்கு அனுப்பி, புதிய நோய் ஏதும் முளைக்கிறதா என்று கவனிப்பது ஷிபானாவின் பொறுப்பு. இருவருக்கும் முடிவு ஒன்றுதான்: தெரிந்த கிருமி எதுவுமில்லை.

டாக்டர் ஆனந்தராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "புதுசா ஏதோ ஒண்ணு சிஸ்டர். நாமதான் மொதல்ல கண்டுபிடிக்கப் போறோம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்க உங்களத்தான்…"

"ரெண்டு நாளா தூங்கல நீங்க. வூட்டுக்குப் போங்க."

வெள்ளிக்கிழமை, வாயில் குழாயோடு, மூன்றாவது கட்டிலில் அவர் கிடந்தார்.

சனிக்கிழமை மதியம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பினாயில் நெடி, ஏசியின் இரைச்சல், மூன்று பேருக்கும் மூச்சை ஊதி ஊதி இழுத்துக்கொண்டிருந்த இயந்திரங்களின் ஒரே தாளம். மூன்று முகங்களும் கூரையைப் பார்த்தபடி கிடந்தன. டாக்டரின் நோய் விவரப் படிவத்தை நிரப்ப ஷிபானா அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

துணி உரசும் சத்தம்.

திரும்பினாள். பிளாஸ்திரி ஒட்டிய மூன்று முகங்கள். அவளை நோக்கி.

"யா அல்லா. நானில்ல."

எழுந்தாள். சுவரோரமாக ஓரடி நகர்ந்தாள். தலைகள் அசையவில்லை. இன்னும் ஓரடி. அசையவில்லை.

அவளை அல்ல.

கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். மறுபடியும் சொன்னாள். வேறு யாரோ. யாராகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

பிறகுதான் அந்த முகங்கள் எதைப் பார்க்கின்றன என்று திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஷமீனா. அவளுடைய ஆறு வயது மகள். அரைநாள் பள்ளிக்கூடம் விட்டு, பாட்டியின் கையை உதறிவிட்டு ஓடிவந்திருக்கிறாள். மூக்கைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு சிரித்தாள். கையாட்டினாள்.

"போடி! அங்கேருந்து போயிடுடி!"

குரல் கண்ணாடியைத் தாண்டவில்லை. அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தது குழந்தை. துள்ளிக்கொண்டு சுவரின் மறுகோடிக்கு ஓடியது.

அதன் கூடவே, மெல்ல, ஒரே சீராக, மூன்று தலைகளும் திரும்பின.