டாக்டர் நாளைக்கு வருவார்

அம்மாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. கடலோர அன்ஃபூஷியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் என்றைக்குத்தான் ஒழுங்காக ஓடியது, அன்றைக்கு மட்டும் ஓட? நனைந்த கறுப்பு உடையோடு நான்கு மாடி ஏறினேன். காஸிம் புயல் கடலை வாரிக் கொண்டுவந்து தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயுமுன்பே படிக்கட்டு இருண்டுவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஈரச் சுவரின் வாடை. எனக்கு முன்னால் என் அண்ணன் ரிஃபாத் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்ததும் கொய்யாப்பழ வாசனை முகத்தில் அடித்தது.

அம்மாவின் அறையில் நோயின் நாற்றம் தெரியக் கூடாது என்று கொய்யாவைத் தட்டுத் தட்டாக வாங்கி வைத்தது அவன்தான். கழுத்தில் கட்டி வளர்ந்து, குரல் போய், கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் அம்மா கிடந்த அத்தனை காலமும் அவன் எதையாவது வைத்து எதையாவது மூடிக்கொண்டே இருந்தான். புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் வரக் கூடாது. "தொண்டையில வீக்கம்மா, வேறொண்ணுமில்ல" என்பான்.

"பெரிய டாக்டர் எப்போ வருவாரு?" என்று அம்மா கிசுகிசுப்பாள்.

"நாளைக்கு வருவாரும்மா. நிச்சயம் வருவார்."

பெரிய டாக்டர் என்று ஒருவரும் கிடையாது. பார்த்த டாக்டர் எப்போதோ கையை விரித்துவிட்டார்.

உரக்கக் கூப்பிட முடியாததால், அம்மா தேநீர்க் கண்ணாடித் தம்ளரில் கரண்டியால் தட்டுவாள். டிங், டிங், டிங் என்றால் வா என்று அர்த்தம். சொன்ன பதில் மனசுக்கு ஒப்பினால் ஒரே ஒரு தட்டு. அண்ணன் 'நாளைக்கு' என்றதும் அந்த ஒற்றைத் தட்டு விழும். அதையே நான் சொன்னால் விழாது. இரவும் பகலும் பக்கத்தில் கிடந்தவள் நான். வெள்ளிக்கிழமை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன் அவன். ஆனாலும் வெளியே மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட, "எதுக்கும் ரிஃபாத்தைக் கேளு" என்பாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அம்மாவிடம் முறையாக விடைபெற வேண்டும். கையை முத்தமிட்டு, என்னை மன்னித்துவிடு, நிம்மதியாகப் போ என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொல்ல, அவள் போகப்போகிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டுமே. அண்ணன் விடவில்லை. கண் கலங்கினாலே என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். கடைசி வாரத்தில் அம்மா, "பெருநாளைக்குக் கடலோரமா நடக்கணும், நல்ல செருப்பு இல்லையே" என்றாள். மறுநாளே பழுப்பு நிறத்தில் புதுச் செருப்பு வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்தது. புரண்டு படுக்க முடியாதவளுக்குச் செருப்பு!

அன்று கல்லறையிலாவது விட்டானா? கல்லை மூடியதும் ஷேக் குனிந்து, "நஃபீஸாவின் மகளே ஹிக்மத்..." என்று அம்மாவைப் பேர் சொல்லி அழைத்தார். நீ உலகத்தை விட்டு வந்துவிட்டாய், பயப்படாதே, உன்னைக் கேள்வி கேட்க வருகிற வானவர்களுக்கு இன்ன பதில் சொல் என்று இறந்தவருக்கு எடுத்துச் சொல்வது எங்கள் வழக்கம். அவர் அடுத்த சொல்லை எடுப்பதற்குள் அண்ணன் அவர் தோளைப் பிடித்தான்.

"அது வேணாம் ஷேக். துஆ மட்டும் ஓதுங்க."

"ஏம்ப்பா?"

"அதுக்கெல்லாம் மார்க்கத்துல ஆதாரம் இல்லைன்னு சொல்றாங்க."

ஆண்டுக்கு இரண்டு பெருநாள் தொழுகைக்கு மேல் அறியாத மனுஷன் ஆதாரம் பேசினான். பிறகு என் காதருகே வந்து, "திடீர்னு அப்படிச் சொன்னா அம்மா பயந்துடுவாங்கடி" என்றான்.

குழி தோண்டியவர் மண்வெட்டியைக் கல்லில் தட்டிச் சுத்தம் செய்துகொண்டே முணுமுணுத்தார். "சொல்லலைன்னா அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

வீட்டில் அண்ணன் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. மனைவி காத்திருக்கிறாளாம். துக்கம் கேட்க வந்த பெண்களும் மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். நான் தனியாகச் சமையலறையில் நின்று கோப்பைகளைக் கழுவினேன். குழாயை மூடியதும் வீடு அப்படியே அமைதியானது.

டிங், டிங், டிங்.

"வரேம்மா" என்றேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பாதி நடையைக் கடந்த பிறகுதான் கால் நின்றது.

நடையில் வெளிச்சம் இல்லை. ஜன்னலின் மரக் கதவுகள் காற்றில் முனகின. அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. மெத்தையைக் காலையிலேயே சுருட்டி வைத்துவிட்டோம். வெறும் இரும்புக் கட்டில்தான். தம்ளரை நானே கழுவிக் கட்டிலருகே மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். இப்போது அது நிமிர்ந்து நின்றது. அதற்குள் கரண்டி இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலின் கம்பிச் சுருள்கள் நடுவில் தாழ்ந்திருந்தன.

ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு தாழுமோ, அவ்வளவு.

"பெரிய டாக்டர் வந்துட்டாரா?"

மூச்சைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம். எனக்குப் பயம் வராமல் இல்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது. பழக்கதோஷம்.

"நாளைக்கு வருவாரும்மா."

ஒற்றைத் தட்டு விழவில்லை. வழக்கம்போல. சுருள்கள் மெல்லக் கிரீச்சிட்டு மேலே எழுந்தன.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"காத்துடி. ஜன்னலைச் சாத்து."

"காத்து டாக்டரைக் கேக்குமா அண்ணே?"

அவன் தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நீ என்ன சொன்னே?" என்றான்.

"நாளைக்குன்னு சொன்னேன்."

"நல்லது. கேட்டா அப்படியே சொல்லு" என்று வைத்துவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

மறுநாளும் மாலை அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு கரண்டி தட்டியது. அதே கேள்வி, அதே பொய். இறந்த பிறகும் அம்மாவை அந்தக் கட்டிலில் கட்டிப்போட்டிருக்கிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது. கல்லறையில் சொல்லவேண்டியதைச் சொல்லவிடாமல் தடுத்தவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். துக்கத்தின் மூன்றாம் நாள் அண்ணன் வந்தான். எல்லோரும் போனதும் அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா. வந்து நீயே கேளு."

"கீழே கடல் தண்ணி ஏறுதுடி. கார் முழுகிடும்."

"உன் கார் முழுகட்டும்! உன்னைப் பெத்தவ உள்ளே கிடக்கா!"

"தஹானி, உனக்குத் தூக்கம் இல்ல. அதான் இப்படி" என்று கையை உருவிக்கொண்டான். படிகளில் அவன் இறங்கிய வேகத்தைப் பார்த்தால், அவனும் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போனது.

டிங், டிங், டிங்.

இந்த முறை நான் நேராகப் போய்க் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தேன். இரும்பு பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. கொய்யா வாசனைக்கு அடியில் அந்தப் பழைய நோய் நாற்றம்.

"பெரிய டாக்டர்..."

"நஃபீஸாவின் மகளே ஹிக்மத்" என்று ஷேக் மாதிரியே தொடங்கினேன். "அம்மா, பெரிய டாக்டர்னு யாருமே இல்ல. உனக்கு வந்தது புத்துநோய். நீ செத்துப் போயிட்டம்மா. உன்னைக் குளிப்பாட்டினது நான்தான். தலை பின்னிவிட்டதும் நான்தான். பயப்படாதே."

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"இத்தனை நாளா உன்கிட்ட என்னை அழக்கூட விடலம்மா. உன்மேல கோவப்பட்டிருக்கேன், சலிச்சுக்கிட்டிருக்கேன். என்னை மன்னிச்சிடு. நிம்மதியா போ."

குளிர்ந்த விரல் ஒன்று என் கன்னத்தில் பட்டது. கண்ணீர் வழிந்த கோட்டை அது மெல்லத் துடைத்தது.

கம்பிச் சுருள்கள் எழுந்தன.

கட்டிலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. புதுத் தோல் கிரீச்சிட்டது. ஒரு அடி. இன்னொரு அடி. நடையைத் தாண்டி வாசல் வரைக்கும் அது போனது. தாழ்ப்பாள் தானாக விலகியது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கி, இறங்கி, மழைக்குள் கரைந்துவிட்டது.

மெழுகுவர்த்தி ஏற்றிக் கட்டிலுக்கடியில் பார்த்தேன். செருப்பு இல்லை.

வாய்விட்டு அழுதேன். எத்தனையோ நாளாக நெஞ்சில் அடைத்திருந்தது அத்தனையும் வந்தது. பிறகு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துவைத்துச் சாப்பிட்டேன். பசி என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு விடை கொடுத்துவிட்டேன், அவள் தன் இடத்துக்குப் போய்விட்டாள் என்று நம்பினேன்.

போன் அடித்தது. அண்ணன்.

"தஹானி... நீ இப்போ எங்க வீட்டுக்கு வந்தியா?"

"இந்த மழையிலயா? இல்லையே."

"அம்மாவோட செருப்பு எங்க வாசல்ல கிடக்கு. தொப்பலா நனைஞ்சிருக்கு."

என் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. எதற்கும் ரிஃபாத்தைக் கேட்டுவிடலாம் என்று போயிருக்கிறாள்.

"வீடெல்லாம் கொய்யா வாசனைடி" என்று கிசுகிசுத்தான். "நாங்க கொய்யாவே வாங்கல."

அவன் குரலுக்குப் பின்னால், எங்கோ அவன் வீட்டுக்குள்ளே.

டிங், டிங், டிங்.

"அண்ணே!" என்று கத்தினேன். "உண்மையைச் சொல்லிடு! நீ சொன்னாத்தான் நம்புவாங்க. நீ செத்துட்டம்மான்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் கால்ல விழறேன், சொல்லு!"

அவன் மூச்சு போனில் இரைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன்.

பிறகு அந்தக் குரல் வந்தது. நோயாளி அறைக்கென்றே அவன் வைத்திருந்த, தேன் தடவிய குரல். என்னிடம் பேசிய குரல் இல்லை அது.

"நாளைக்கு வருவாரும்மா. நிச்சயம் வருவார்."

டிங்.