செத்துக் கிடந்தவன் கையில் வாள்!

"அன்று கோட்டைக் கதவை வெள்ளைக்காரனுக்குத் திறந்துவிட்டவன் யார் தெரியுமா...? அவன்..."

ஒலிபெருக்கியில் பால்துரை வாத்தியாரின் வர்ணனை சட்டென்று நின்றது.

"ஆ...! ஐயோ...!"

மைதானத்தில் இருந்த இரண்டாயிரம் பேரும் கைதட்டினார்கள்.

"வாத்தியாரு என்னமா நடிக்காரு!"

நடிக்கவில்லை. பிளைவுட் கோட்டைக்குப் பின்னால், வயிற்றில் வாளோடு மல்லாந்து கிடந்தார்!

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே அன்று மலையடிக்கோட்டைப் போர் விழா. அப்படி ஒரு போர் நடந்ததா என்று எவருக்கும் தெரியாது. நடந்ததாக விழாக் கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. தலைவர் உக்கிரபாண்டி கை தூக்கினால் வரலாறும் கை தூக்கித்தானே ஆக வேண்டும்!

பாளையத்து வீரர்களாக இருநூறு பேர். சாக ஒருவனும் சம்மதிக்கவில்லை. எங்கள் தெருக்காரன் விழுந்தால் எங்களுக்கு அசிங்கம் என்று தெருவுக்குத் தெரு சண்டை. கடைசியில் காயத்தோடு சமாதானம் ஆனார்கள். இராஜபாளையத்துப் பேண்டேஜ் துணியில் கட்டு. அதன் மேல் சிவப்புச் சாயம்.

செத்தது வெள்ளைக்காரத் தளபதி மட்டும்தான். அதற்கு அகப்பட்டவன் பேண்டேஜ் கம்பெனியில் தறி ஓட்டும் செல்வின். ஆள் கொஞ்சம் வெளுப்பு. அவ்வளவுதான் தகுதி!

மற்றவர்களுக்குத் தகர வாள். தளபதிக்கு மட்டும் பளபளப்பாக நிஜ வாள். வாத்தியாரின் வயிற்றில் இருந்தது அதுதான்.

"சத்தியமா நான் இல்ல மேடம்!" சப்-இன்ஸ்பெக்டர் முனீஸ்வரியின் முன்னால் செல்வின் அழுதான். "நான் கோட்டை வாசல்ல வெடிப் புகைக்குள்ள செத்துக் கெடந்தேன். யாரோ என் கையில இருந்து வாளை உருவுனாவ."

"யாருலே?"

"தெரியல மேடம். கண்ணை மூடியிருந்தேன்."

"தொறந்து பாத்தா என்ன?"

"பொணம் கண்ணைத் தொறந்தா போரே கெட்டுப்போகும்னு தலைவரு சொல்லியிருந்தாவ..."

அவன் மனைவி செலினா குறுக்கே விழுந்தாள். "கோழி அறுக்கச் சொன்னாலே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவாவ மேடம்! இவியளா குத்துவாவ?"

செல்போன் அலறியது. இன்ஸ்பெக்டர்!

"என்னம்மா இழுத்துக்கிட்டு இருக்க? வாள் அவனோடது. சாயங்காலத்துக்குள்ள ரிமாண்ட் பண்ணு!"

முனீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி!

"சங்கையா அண்ணே," ஏட்டை அழைத்தாள். "குத்துனவன் மேல ரத்தம் பட்டிருக்கும்."

"எல்லாப் பயலும் செவப்பாத்தானேம்மா நிக்கான்?"

"சாயம் காஞ்சாலும் செவப்பு. ரத்தம் காஞ்சா பழுப்பாயிரும். ஒரு மணி நேரம் ஒரு பயலும் வெளிய போகக் கூடாது."

"இந்த வெயில்ல அம்புட்டு நேரம் எப்படிம்மா நிறுத்துறது?"

"தலைவரைப் பேசச் சொல்லுங்க."

சங்கையா மிரண்டார். "கொலை பண்ணவன் ஒருத்தன்... தண்டனை எல்லாத்துக்குமாம்மா?"

உக்கிரபாண்டி மேடை ஏறினார். வெள்ளைச் சட்டையின் மார்பில் சிவப்புத் திட்டுகள்.

"வெற்றிக்கொடி குடுக்கக் களத்துக்குப் போனேன். நம்ம வீரப் பசங்களைக் கட்டிப்பிடிச்சேன். அதுல ஒட்டுனது! இது கறை இல்ல, பெருமை!"

பேசினார்... பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார். கோட்டைக் கதவைக் கடைசி வரை காத்தது தன் முப்பாட்டனார்தான் என்று மட்டும் ஏழு தடவை சொன்னார்.

முனீஸ்வரி வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சிவப்பு... சிவப்பு... சிவப்பு! இருநூறு பேரில் ஒருவன் கட்டும் நிறம் மாறவில்லை.

செல்வினை ஜீப்பில் ஏற்றினார்கள். செலினா மண்ணில் விழுந்து கதறினாள். தோற்றுவிட்டோம் என்று முனீஸ்வரிக்குத் தோன்றியது.

"இந்த நெஞ்சுல ஓடுறது..." ஒலிபெருக்கி முழங்கியது. உக்கிரபாண்டி மார்பில் ஓங்கி அறைந்தார். "எங்க முப்பாட்டன் ரத்தம்!"

முனீஸ்வரி திரும்பினாள். அந்த மார்பைப் பார்த்தாள்.

பழுப்பு!

இரண்டே எட்டில் மேடை மேல் நின்றாள்.

"அண்ணாச்சி, நெஞ்சுல ஓடுறது முப்பாட்டன் ரத்தம், சரி. சட்டையில காயுறது யாரு ரத்தம்?"

உக்கிரபாண்டியின் முகம் வெளிறியது. கை தன்னையறியாமல் சட்டைப் பையைப் பொத்தியது. சங்கையா அந்தக் கையை விலக்கி, கசங்கிய காகிதம் ஒன்றை உருவினார். வாத்தியார் எழுதிய வர்ணனையின் கடைசிப் பக்கம்!

"பொறவு என்னம்மா செய்யச் சொல்லுத?" உக்கிரபாண்டி வெடித்தார். "துரோகி ஒருத்தன் இருந்தான்னு ஆரம்பிச்சவன், அடுத்து கதவைத் தொறந்துவிட்டது எங்க முப்பாட்டன்னு ஊரு முன்னால சொல்லப் போனான்! எங்க வீட்டு ஆளுகளுக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம், அந்த வாத்திக்கு எப்படித் தெரிஞ்சது?"

முனீஸ்வரி காகிதத்தை விரித்துப் படித்தாள்.

"'...யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே எவரையும் பழிக்காமல் ஒற்றுமையாக வாழ்வோம். நன்றி, வணக்கம்.'"



"இம்புட்டுத்தான் அண்ணாச்சி எழுதியிருக்காரு. நீங்க படிக்கவே இல்லையா?"

உக்கிரபாண்டி காகிதத்தை எட்டிப் பார்த்தார். ஒற்றுமை என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு நல்ல மனிதரைக் கொன்றிருக்கிறார். பாவி!

ஜீப்பிலிருந்து செல்வின் இறங்கினான். செலினா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அப்போதுதான் உக்கிரபாண்டி எதிரே இருந்த மைக்கைப் பார்த்தார். அது இன்னும் உயிரோடு இருந்தது. கீழே இரண்டாயிரம் ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன.

"ஏம்மா... நான் சொன்னது எல்லாருக்குமா கேட்டுருச்சு?"

முனீஸ்வரி விலங்கை மாட்டினாள்.

"போரு நடந்துச்சாங்கிறதுதான் இன்னும் சந்தேகம் அண்ணாச்சி. துரோகி யாருங்கிறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல!"